‘ஆதி அணு’ வேண்டாம், ‘தொல்லணு’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> லெமேத்ர் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். அண்டம் ஒற்றை அணுவிலிருந்து தொடங்கியது என்ற தம் கருத்துக்கு அவர் பிரெஞ்சில் ‘அத்தோம் பிரிமித்தீஃப்’ என்று எழுதியதற்கு ‘ஆதி அணு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

பொருந்தாது என்பது என் கட்சி. இழையில் அடுத்தடுத்து வந்த ‘முதலணு’, ‘மூலவணு’, ‘கருவணு’ மூன்றும்கூட எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்து இயற்பியலாளர், 1894-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டுத் திரும்பி, 1923-ல் கத்தோலிக்கக் குருவானார். கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படித்தார். பிறகு லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அண்டம் விரிகிறது என்று 1927-ல் அவர் எழுதிய கட்டுரையில் தொடக்கம் என்ற பேச்சே கிடையாது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கட்டுரையில் வரும் அண்டம், ஐன்ஸ்டைன் சொன்ன அசையா நிலையில் எல்லையற்ற காலம் கிடந்து மெல்ல மெல்ல விரியத் தொடங்கியது.

தொடக்கம் வந்தது 1931-ல், ‘நேச்சர்’ இதழுக்கு அவர் எழுதிய சின்னஞ்சிறு கடிதத்தில். உலகுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற எண்ணமே தமக்கு ஒவ்வவில்லை என்று எடிங்டன் சொல்லியிருந்தார். அதற்கான பதில் அது. அண்டத்தின் மொத்த நிறையையும் தன் அணு எடையாகக் கொண்ட ஒற்றை அணு. நிலையில்லாத அணு. ரேடியம் சிதைகிற மாதிரி அது பிளந்து, பிளந்தவை மறுபடி பிளந்து, இன்றைய உலகாயிற்று என்றார். துண்டுகள் போதிய அளவு பல்கிய பிறகுதான் இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் வரும் என்றும் அதில் எழுதினார். நமக்கு வேண்டிய சொல் இந்தப் பொருளுக்குத்தான்.

இப்போது ‘ஆதி’. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டுங்கள். முதல் வரி: “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.” யோவான் நற்செய்தியும் “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்றுதான் தொடங்கும். அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் ‘ஆதி அணு’ என்றார் என்று எழுதினால், ஆதியாகமத்துக்குச் சமன்பாட்டில் உரை எழுதினார் என்றே வாசகர் நினைப்பார். லெமேத்ர் வாழ்நாள் முழுவதும் மறுத்துக்கொண்டிருந்தது இந்த நினைப்பைத்தான்.

மறுத்ததற்கு ஒரு நிகழ்ச்சியே சாட்சி. 1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ் (நம் ஊர்க் கத்தோலிக்கர் பத்திநாதர் என்பர்) வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் பேசினார். “ஒளி உண்டாகுக” என்ற அந்த முதல் கட்டளைக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். லெமேத்ர் அதே கழகத்தின் உறுப்பினர். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் ஒன்றுகூடவிருந்தார்கள். போப் அவர்களிடமும் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே லெமேத்ர் வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவரான ஓ’கானல் அடிகளோடு இது குறித்துக் கலந்து பேசினார். செப்டம்பர் உரையில் போப் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தம் கோட்பாடு மெய்ப்பொருளியலுக்கும் மதத்துக்கும் முற்றிலும் வெளியே நிற்பது என்று லெமேத்ர் 1958-ல் இயற்பியலாளர்களின் சால்வே மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். தம் திருச்சபையின் தலைவரிடமே இவ்வளவு கறாராக இருந்தவர் வாயில் நாம் ‘ஆதி’யைத் திணிப்பது நியாயமில்லை.

> ‘ஆதி’ சரியில்லை என்றால் ‘முதல்’ இருக்கிறதே. சைவ சித்தாந்தத்தில் முதற்காரணம் என்பது பொருளைத்தானே குறிக்கிறது?

பேராசிரியர் ஐயாவின் இந்த வாதம்தான் இழையிலேயே வலுவானது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை, சக்தி, சிவன் என்று அதே வரிசை. ‘முதல்’ கடவுளைக் குறிக்காது, கடவுள் கையாளும் சடப்பொருளையே குறிக்கும் என்கிறார். உண்மை. ஆனால் ஐயா, முதற்காரணம் என்றதுமே நிமித்த காரணம் எங்கே என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடும். மூன்றும் சேர்ந்தே வளர்ந்த சொற்கள். அதைவிடப் பெரிய தடை இன்னொன்று. மாயை அநாதி. அது ஒரு நாளில் தொடங்கியதல்ல. ஒடுங்கும், மீண்டும் விரியும். லெமேத்ரின் அணு ஒரே ஒரு முறை உடைந்தது. சித்தாந்தி இதைக் கேட்டால் “இல்லது தோன்றாது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். போதாக்குறைக்கு, “ஆதி பகவன் முதற்றே உலகு” என்று வள்ளுவர் ஆதியையும் முதலையும் ஒரே அடியில் கட்டிவைத்திருக்கிறார். ஒன்றிலிருந்து தப்பி மற்றதில் மாட்டுவானேன்?

‘மூலவணு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மூலக்கூறு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இலங்கையில் தனிமத்தை மூலகம் என்கிறார்கள். மாணவர் குழம்புவது உறுதி. மூலம் என்றதும் பேருந்து நிலையச் சுவர் விளம்பரங்கள் ஞாபகம் வருவது வேறு கதை.

> பரிபாடலிலேயே “கரு வளர் வானத்து” என்று வருகிறது. ‘கருவணு’ என்றால் நம் முன்னோர் முன்பே அறிந்ததைக் காட்டியதாகவும் இருக்கும்.

அணுக்கரு என்ற சொல்லோடு மோதும் என்பது ஒன்று. அதைக்கூட விட்டுவிடலாம், பிற்பகுதியை விட முடியாது. பரிபாடலின் இரண்டாம் பாடலை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதலில் வானம், அதில் “உரு அறிவாரா ஒன்றன் ஊழி”. பிறகு காற்று கிளர்ந்த ஊழி, தீச்சுடர் ஊழி, குளிர்ந்த மழை பொழிந்த ஊழி, கடைசியில் வெள்ளத்துள் கிடந்து நிலம் எழுதல். ஐம்பூதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கிற முறை இது. அருமையான பாட்டு, எனக்கு அதில் காற்று ‘உந்தி’க் கிளர்கிற இடம் மிகப் பிடிக்கும். ஆனால் அங்கே உலகம் பாழ்பட்டு மறுபடி மறுபடி தோன்றுகிறது, கடைசியில் பாட்டு திருமாலை வாழ்த்தப் போகிறது. அணு உடைகிற இடம் அதில் எங்கே?

இதே வேலையைத் திருக்குர்ஆனின் 21:30-ஐ வைத்தும் செய்கிறார்கள். வானங்களும் பூமியும் இணைந்திருந்தன, நாம் பிரித்தோம் என்று அதில் வருகிறது. அதுதான் பெருவெடிப்பு (‘பிக் பேங்’) என்கிறார்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் படைப்புச் சூக்தத்தை (பாடலை) வைத்துச் செய்பவர்களும் உண்டு. அந்தச் சூக்தமோ, இது எங்கிருந்து வந்தது என்பதை மேலே இருந்து பார்ப்பவன் அறிவான், அவனும் அறியானோ என்று ஐயத்தில் முடிகிறது. எல்லா நூலிலும் முன்பே இருந்தது என்றால், 1931-க்கு முன் எந்த உரையாசிரியரும் அதை அங்கே காணாதது ஏன்? சமணர் நிலை இந்தச் சண்டையில் சேராமலே தனியாக நிற்கிறது: உலகம் படைக்கப்படவுமில்லை, தொடங்கவுமில்லை. அவர்களைக் கூட்டணியில் சேர்க்க யாரும் வருவதில்லை!

கத்தோலிக்க மரபுக்குள்ளும் தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கோடு போட்டுவிட்டார். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால் ஏற்பதுதான் என்றார். தொடக்கமே இல்லாத உலகம் என்றாலும் அது தன் இருப்புக்குக் கடவுளைச் சார்ந்திருக்கும், ஆகவே படைக்கப்பட்டதுதான் என்பது அவர் கணக்கு. லெமேத்ர் இந்தப் பள்ளியில் பயின்றவர். படைப்பு வேறு, இயற்கையின் தொடக்கம் வேறு என்று அவர் பிரித்தது அறிவியலாளருக்கு அஞ்சியல்ல. அவருடைய இறையியலே அப்படி.

ஆகவே ‘தொல்’. தொல்லியல், தொல்லுயிர் என்று நாம் ஏற்கெனவே பழகிய முன்னொட்டு. காலத்தால் மிகப் பழையது என்கிறதே தவிர, யார் செய்தார், எதிலிருந்து செய்தார் என்று எதையும் சொல்வதில்லை. பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதுதான் கிட்டத்தட்டப் பொருள். ‘தொல்லை’ என்று காதில் விழுகிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கிண்டல் செய்தார். விழட்டும். அந்த அணு எடிங்டனுக்குத் தொல்லையாகத்தான் இருந்தது.

> உண்மையில் அது அணுவே இல்லையே. ‘தொல்துகள்’ என்றால் இன்றைய இயற்பியலுக்கு ஒத்துவருமே, அம்மா?

ஒத்துவரும், ஆனால் லெமேத்ர் சொன்னது அதுவல்ல. அணு எடை, கதிரியக்கச் சிதைவு என்று அவர் கடிதம் முழுக்க அணுவின் பேச்சு. வரலாற்றுச் சொல் அந்தக் காலத்துப் படத்தைச் சுமக்க வேண்டும். அந்தப் படம் பிறகு தவறாகிப் போனாலும்கூட. தவறாகத்தான் போனது. அவருடைய அணு சூடற்றது. அதன் சிதறலின் மிச்சம்தான் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் என்று நம்பினார். 1948-ல் இயற்பியலாளர்கள் காமாவும் ஆல்ஃபரும் வைத்ததோ கொதிக்கும் தொடக்கம். அதன் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைத்தான் 1964-ல் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் கொம்பு வடிவ ஆண்டெனாவில் ஓயாத இரைச்சலாகக் கேட்டார்கள். ஆண்டெனாவுக்குள் குடியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைத் துடைத்த பிறகும் இரைச்சல் போகவில்லை. 1966 ஜூனில் சாகக் கிடந்த லெமேத்ருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. (சித்தாந்தத்தில் ‘அணு’ உயிரையும் குறிக்கும் என்றார் ஐயா. அதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.)

இதிலிருந்தே அடுத்தது. தயவுசெய்து ‘தொல்லணு’வைப் பெருவெடிப்புக்கு மாற்றுச் சொல்லாகப் போடாதீர்கள். ஒன்று 1931-ன் குளிர்ந்த கருதுகோள். மற்றது சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் மிக அடர்ந்து, மிகச் சூடாக இருந்து விரிந்தது என்ற இன்றைய கோட்பாடு. அந்தச் சூட்டு நிலைக்கும் முன்னால் என்ன, அது முழுமுதல் தொடக்கமா என்பது பற்றி இன்றைய கோட்பாடு உறுதியாக எதுவும் சொல்வதில்லை. ‘படைப்பு’ மூன்றாவது, அது இறையியலார் சொல், அவர்களிடமே இருக்கட்டும். அறிவியல் கட்டுரையில் ‘அண்டம் படைக்கப்பட்டபோது’ என்று எழுதுவதை நம் இதழ்கள் எப்போது விடுமோ தெரியவில்லை.

‘பெருவெடிப்பு’ தவறான படம் தருகிறது, ‘பெருவிரிவு’ என்று மாற்றுவோம் என்றவர்களுக்கு: வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் 1949 மார்ச் 28 அன்று பிபிசி வானொலியில் ‘பிக் பேங்’ என்ற அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் அந்தக் கோட்பாட்டின் எதிராளி. 1993-ல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் மாற்றுப் பெயருக்குப் போட்டி வைத்து, 13,099 பரிந்துரைகள் வந்து, கார்ல் சேகன் உள்ளிட்ட நடுவர்கள் ஒன்றைக்கூடத் தேறவிடவில்லை. நம் குழுமத்துக்கு அந்தத் தலைவலி எதற்கு? தவிரவும் தமிழில் வெடிப்பது குண்டு மட்டுமல்ல. பருத்திக்காய் வெடிக்கிறது; கரிசல் நிலம் வெடிக்கிறது; சத்தமே இல்லை. ஹாயிலின் சொல்லைவிட நம் சொல் நன்றாகவே இருக்கிறது.

கட்டுரைக்கு என் பரிந்துரை: முதல் முறை வரும்போது ‘லெமேத்ரின் தொல்லணு’, பிறகு ‘தொல்லணு’ மட்டும். கோட்பாட்டைச் சொல்ல ‘தொல்லணுக் கருதுகோள்’. க் மிகுமா என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன், மிகும். அணுக்கரு, அணுக்கழிவு என்கிறோம். நாளிதழ்கள் ‘அணுகுண்டு’ என்று எழுதுவதை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நல்லது, மொழிபெயர்ப்பாளர் திங்களன்று கட்டுரையை அனுப்ப வேண்டுமாம்.