பொருள்: குவார்ட்ஸ் டைட்டானியம் 'வெப்பமானி': சொல் வேண்டும், அவசரம்

அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை நிலவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குவார்ட்ஸ் படிகத்தில் சிலிக்கான் உட்கார வேண்டிய இடத்தில் சில டைட்டானிய அணுக்கள் ஏறிக்கொள்ளும். சூடு கூடக் கூட அதிகம் ஏறும். 2006இல் வார்க், வாட்சன் இருவரும் இதைச் சமன்பாடாக்கினார்கள். கூடவே ரூட்டைல் (டைட்டானியம் டைஆக்சைடு கனிமம்) இருக்கும் பாறையில், குவார்ட்ஸில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு டைட்டானியம் என்றால் சுமார் 670 டிகிரி செல்சியஸ். 100 பங்கு என்றால் சுமார் 750.

இப்படி டைட்டானியத்தை அளந்து குவார்ட்ஸ் உருவான காலத்துச் சூட்டைக் கணிக்கும் முறைக்குப் 'புவிவெப்பமானி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, "வெந்நீர் ஊற்றில் மின்சாரம் எடுப்பார்களே, அதுவா?" என்கிறார்.

ம.

* * *

> புவிவெப்பமானி

வெப்பமானி இன்றைய சூட்டை அளக்கும். இது என்றோ ஆறிப்போன சூட்டைச் சொல்வது. தவிர 'மானி' வடசொல். 'தொல்வெப்பங்காட்டி' என்க. குவார்ட்ஸ் எதற்கு, பளிங்கு இருக்கையில்? 'அடுத்தது காட்டும் பளிங்கு' என்றார் வள்ளுவர். அடுத்திருந்த ரூட்டைலையும் அல்லவா காட்டுகிறது!

செ.

* * *

ஐயா, ரசித்தேன். ஆனால் கடையில் பளிங்கு கேட்டால் மார்பிளைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது கால்சைட் என்ற வேறு கனிமம். பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்பார்களே, அதை எடுங்கள். பளிங்கையே ஸ்படிகம் என்ற வடசொல்லோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அப்புறம் தூய்மை எங்கே?

'காட்டி' எனக்கு வேறு காரணத்தால் உறுத்துகிறது. இது திசைகாட்டிபோல நேராகக் காட்டிவிடாது. அழுத்தம் கூடினால் டைட்டானியம் குறையும். 2010இல் வந்த சோதனைகள் அதையும் சமன்பாட்டில் சேர்த்தன. ரூட்டைல் இல்லாத பாறையென்றால் கிடைப்பது குறைந்தபட்ச வெப்பநிலைதான். கிரானைட் போன்ற சார்னோகைட் பாறையில் நீலம் பாய்ந்த குவார்ட்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மயிரிழை போன்ற ரூட்டைல் ஊசிகள் இருக்கும். பாறை ஆறும்போது படிகத்திலிருந்து பிரிந்த ஊசிகள் என்றால், அவற்றை விட்டுவிட்டு அளந்தால் பழைய உச்ச வெப்பம் குறைத்தே வரும். சொல் எதுவானாலும் இந்தப் பத்தி பாடத்தில் இருக்கட்டும்.

என் ஓட்டு: 'கனிம வெப்பமானி'.

ஆ.

* * *

சரி, பத்தியைச் சேர்த்துவிட்டேன். இன்னொன்று: மிகச் சிறிதளவே இருக்கும் டைட்டானியத்தை இங்கே 'சுவடு தனிமம்' என்பதா, 'நுண்தனிமம்' என்பதா?

ம.

* * *

சுவடு. 'நுண்' போட்டால் உரக்கடை நுண்ணூட்டம் நினைவுக்கு வரும்.

ஆ.

* * *

சுவடு என்பது அடித்தடம். போனபின் எஞ்சுவதே சுவடு. டைட்டானியம் எங்கும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. 'அருகிய தனிமம்' என்பதே பொருந்தும். 'அருகல்' என்ற வேரை...

செ.

* * *

ஐயா, நாளை வெள்ளி. 'கனிம வெப்பமானி', 'சுவடு தனிமம்' என்றே அனுப்புகிறேன். குவார்ட்ஸ் குவார்ட்ஸாகவே இருக்கட்டும். மூன்று பேர் தனிமடலில் சம்மதித்துவிட்டார்கள்.

ம.

* * *

என் மறுப்பைப் பதிவுசெய்க. 'மானி' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

செ.