கைக்குத் தெரியாமல் சேர்ந்த காசு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பனியன் கம்பெனி, திருப்பூர்

எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாது. சனி இரவு பாக்கெட் கனமாக இருக்கும், ஞாயிறு கறி எடுத்து, வாடகைக்கும் மளிகைக்கும் பிரித்துக் கொடுத்தால் புதன்கிழமை டீக்கடையில் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லும் நிலை வந்துவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கம்பெனியை மூடியபோது என் கையில் இருந்தது 1,700 ரூபாய். பதினாலு வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவனுக்கு மிச்சம் அவ்வளவுதான். அடுத்த மூன்று மாதம் எப்படி ஓடியது என்று எழுதப்போவதில்லை, இங்கே பாதிப் பேருக்கு அதே கதைதான் இருக்கும்.

ஜூலையில் வேலை ஆரம்பித்ததும் எங்கள் லைன் வீட்டுக்கு ஓர் அக்கா வந்தார். போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட். ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு, போடச் சொன்னார். "மாசம் ரெண்டாயிரமெல்லாம் முடியாதுக்கா" என்றேன். "வாரம் ஐநூறு முடியுமா தம்பி?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன்! இரண்டும் ஒரே கணக்கு என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரவு ஏழரைக்கு ஸ்கூட்டியில் வந்து நிற்பார். கறிக்கடைக்கு முன்னாடி அவர், வாடகைக்கு முன்னாடி அவர். 500 வாங்கி நோட்டில் குறித்துக்கொள்வார், நாலு வாரம் சேர்ந்ததும் அஞ்சலகத்தில் கட்டிவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் "இந்த வாரம் உனக்கு லீவு தம்பி" என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார். அவருக்கு நாம் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை, அரசே 4 சதவீதம் கமிஷன் தருகிறது.

நான் சேர்ந்தபோது வட்டி 5.8 சதவீதம். ஐந்து வருடம் முடிந்து போன வருடம் கையில் வந்தது 1,39,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், நான் கட்டியது 1,20,000. இப்போது ஆரம்பிப்பவர்களுக்கு 6.7. இதைவிட அதிகம் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன என்று ஷேர் மார்க்கெட் தெரிந்த நண்பர்கள் சொன்னார்கள், உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர்களில் ஒருத்தரும் சனிக்கிழமை ஏழரைக்கு என் வாசலில் வந்து நின்றதில்லை. அந்தப் பணத்தில் பழைய ஓவர்லாக் மிஷின் இரண்டு வாங்கி வீட்டு முன்னறையில் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏஜென்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சலகத்தில் நீட்டிப் பதிவு போட்டுப் பாருங்கள். அட்டையில் இருக்கும் கையெழுத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சரி, உங்களுக்கு எப்படிச் சேர்ந்தது? அல்லது எப்படிப் போனது?

உளுந்து டப்பா, மதுரை

எனக்கு ஏஜென்ட் எல்லாம் கிடையாது, உளுந்து டப்பாதான். காய்கறிக்குக் கொடுப்பதில் பத்து, பால் கணக்கில் இருபது என்று ஒதுக்குவேன், 500 சேர்ந்ததும் தெருமுனைக் கடையில் கொடுத்து ஒற்றை நோட்டாக மாற்றிக்கொள்வேன். சில்லறையாக இருந்தால் டப்பாவை எடுக்கும்போது சத்தம் கேட்கும், உளுந்துக்கு அடியில் தாள் என்றால் யாருக்கும் தெரியாது.

2016 நவம்பர் 8 இரவு. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் இருந்து வீட்டுக்காரர், "ஏம்மா, ஐநூறும் ஆயிரமும் செல்லாதாம்!" என்று கத்துகிறார், அவருக்கு அது ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. எனக்குக் கட்டை கையிலேயே நின்றுவிட்டது. டப்பாவில் 31,500 ரூபாய், அத்தனையும் 500 நோட்டு. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் பேங்க் வேறு லீவு. அதற்கு மறுநாள் காலையில் காபியோடு டப்பாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய், ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். உள்ளே பதினெட்டு நோட்டு, 9,000 ரூபாய். பதினோரு வருடக் குடித்தனம், ஒரே கூரை, இரண்டு திருடர்கள். ஒரே வரிசையில்தான் போய் நின்றோம். என் தொகை பெரிது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தப் பணத்தில் 20,000-த்தைப் பிரித்து மகள் பெயரில் செல்வமகள் கணக்கு (பெண் பிள்ளைகளுக்கான அரசுச் சேமிப்பு) தொடங்கினோம், அப்போது அவளுக்கு ஆறு வயது. பத்து வயதுக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதே அஞ்சலகத்தில்தான் தெரிந்தது. அப்போது வருடத்துக்குக் குறைந்தது 1,000 கட்ட வேண்டும், 2018-இல் அதை 250 ஆக்கினார்கள். வட்டி இப்போது 8.2. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வர ஆரம்பித்ததிலிருந்து அந்த ஆயிரத்தைத் தொடுவதில்லை, அப்படியே அவள் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். பத்தாவது பாஸ் செய்துவிட்டால் படிப்புச் செலவுக்குப் பாதி வரை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. எடுக்காமல் சமாளித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன், காலேஜுக்கு வேண்டுமே.

டப்பாவை விடவில்லை. இப்போது அவருக்கும் தெரியும், எந்த டப்பா என்றுதான் தெரியாது.

சீட்டு போனவன், சேலம்

நல்ல கதைகளுக்கு நடுவில் என்னுடையதையும் போட்டு வைக்கிறேன். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. தெரியாதவர்களுக்கு: மாதாமாதம் ஏலம், அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்பார், ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000, தள்ளிய தொகையில் சீட்டு பிடிப்பவரின் கமிஷன் போக மீதி எல்லாருக்கும் கழிவாகப் பிரியும். அதனால் நாம் முழு 5,000 கட்ட மாட்டோம். எங்கள் அப்பா இப்படி ஒரு சீட்டு எடுத்துத்தான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார், அந்த நம்பிக்கையில் நானும் சேர்ந்தேன். சீட்டு பிடித்தது எங்கள் தெருவிலேயே பதினைந்து வருடமாக இருந்த ஒரு பெண்மணி, என் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர்.

பதினோரு மாதம் கட்டினேன். கழிவெல்லாம் போக 46,000 சொச்சம் போயிருக்கும். பன்னிரண்டாவது மாத ஏலத்துக்குப் போனால் வீட்டில் பூட்டு.

போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வி, "பதிவு செஞ்ச சீட்டா?" எங்களிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. 1982-இலேயே சீட்டுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது, முறையாக நடத்துபவர் முன்அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை காட்ட வேண்டும், கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இதெல்லாம் பணம் போன பிறகு எனக்கு மனப்பாடம். பதிவு எண்ணைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அதுதான் உண்மை. கல்யாணத்துக்கு வந்தவரிடம் போய் எப்படிக் கேட்பது?

இப்போதும் சீட்டு கட்டுகிறேன், பதிவு செய்த இடத்தில். மனைவிக்குக் கோபம். ஆனால் மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டும் என்கிற அந்தப் பயம் இல்லாமல் எனக்குச் சேமிக்க வரவில்லை.

இரவு ட்யூட்டி, தஞ்சாவூர்

நான் நர்ஸ். என் கதை சின்னது. 2024 ஏப்ரலில் நகைக்கடையில் மாதம் 5,000 திட்டத்தில் சேர்ந்தேன், அப்போது பவுன் 53,000-த்தை ஒட்டி இருந்தது, பதினோரு மாதத்தில் 55,000 ஆகும், ஒரு பவுன் செயின் உறுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2025 மார்ச்சில் எடுக்கப் போனால் பவுன் 64,000-த்தைத் தாண்டிவிட்டது. நான் சேர்ந்தது பணமாகவே சேர்த்து வைக்கும் திட்டம், கட்டுகிற அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கும் திட்டம் அதே கடையில் பக்கத்துக் கவுண்டரிலேயே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "சேதாரம் இல்லை" என்றதும் 18 சதவீதம் வரைதானாம், நான் ஆசைப்பட்ட மாடலுக்கு 24. அந்த 6, அப்புறம் ஜிஎஸ்டி 3. ஆறேகால் கிராமில் ஒரு செயின் போட்டுக்கொண்டு வந்தேன். கிராமாகச் சேர்த்திருந்தால் கணக்கில் எட்டு கிராமை ஒட்டிச் சேர்ந்திருக்கும், அந்த 6-உம் ஜிஎஸ்டியும் போனாலும் ஏழுக்கு மேல் வந்திருக்கும்.

ஏன் எல்லாக் கடையிலும் பதினோரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கும் முன்பணம் 365 நாளைத் தாண்டினால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், கடைக்காரர் நினைத்தபடி டெபாசிட் வாங்க முடியாது. நமக்கு ராசியான எண் என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

அடுத்ததும் சேர்ந்துவிட்டேன், இந்த முறை கிராம்.

மூணு சக்கரம், சென்னை

எல்லாரும் ஏதோ மாசம் இவ்வளவு என்று எழுதுகிறீர்கள். ஆட்டோ ஓட்டுபவனுக்கு மாசம் என்று ஒன்று கிடையாது, ஒரு நாள் 1,200, மறுநாள் மழை, 300. ஆறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே தவணை தண்டல்தான். 10,000 என்று பேச்சு, கையில் 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வந்தால் தண்டல், இன்சூரன்ஸ் வந்தால் தண்டல், ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்குத் தண்டல். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. சவாரி இருந்ததோ இல்லையோ, ராத்திரி ஸ்டாண்டில் அந்த 100 ரூபாயை எப்படியோ கொடுத்துவிடுவேன், கொடுக்காவிட்டால் நாலு பேர் முன்னால் தண்டல்காரர் குரலை உயர்த்துவார்.

போன வருடம் ஒரு தண்டல் முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நாளைலேருந்து நூறு ரூபா மிச்சம்" என்றேன். "மிச்சமா? யாருக்கு?" என்று மனைவி கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் வாசலில் நிற்கிறாள், கையில் முடிந்துபோன பழைய தண்டல் அட்டை, பின்பக்கத்தில் பேனாவால் நூறு கட்டம் போட்டிருக்கிறாள். "தண்டல் வந்திருக்கு" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன், ஒரு கட்டத்தில் டிக் போட்டாள், அப்புறம்தான் உள்ளே விட்டாள்.

நூறு நாள் என்று பேச்சு, நூற்றி ஏழு நாளில் முடிந்தது. பத்தாயிரம். இந்த வருட இன்சூரன்ஸ் கைக்காசில் கட்டினேன். ஆபீஸில் அந்தப் பையன் ரசீது நீட்டியபோது, பழக்கதோஷத்தில், எப்போதிலிருந்து கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

சாக்பீஸ், விழுப்புரம்

நான் கணக்கு வாத்தியார், கை சும்மா இருக்காது. 8,500 வாங்கி 10,000 கட்டுகிறோம், 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் இருக்கவில்லை, தினம் குறைந்துகொண்டே போகிறது, சராசரியாகப் பாதிதான், 4,250. அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் வருடத்துக்கு 130 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பேங்க் நகைக்கடன் எல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது. பத்தாம் வகுப்புக்கு இதையே கணக்காகக் கொடுக்கப்போகிறேன், உங்கள் மனைவியின் கட்டம் போட்ட அட்டை உட்பட.

பனியன் கம்பெனி, திருப்பூர்

மூணு சக்கரம் அண்ணா, ஒரு சந்தேகம். நூற்றி ஏழு நாள் என்றால் ஏழு நாள் தவறியிருக்கிறது. அன்றைக்கெல்லாம் என்ன ஆகும்? நான் ஒரு வாரம் தவறினால் எங்கள் ஏஜென்ட் அக்கா அடுத்த வாரம் ஆயிரமாக வாங்கிவிடுவார்.

மூணு சக்கரம், சென்னை

வாத்தியார் கணக்கைப் பார்த்துவிட்டு ஆறு வருடத்துக்கு எண்ணிப் பார்த்தேன், இருபது தண்டல் என்று குறைத்து வைத்தாலும் 30,000 ரூபாய் வெறும் பிடித்தத்திலேயே போயிருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தவறினால் அபராதம் எல்லாம் இல்லை தம்பி. சாப்பாடு போடுவாள், தண்ணீர் வைப்பாள், எல்லாம் செய்வாள். ஆனால் தண்டல்காரர் மாதிரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், நான் கை கழுவும் வரைக்கும். இரண்டாவது ரவுண்டில் இன்றைக்கு 62-ஆவது கட்டம். மழை பிடித்திருக்கிறது, ஒரு எக்மோர் சவாரி அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.