நினைவாற்றல் வகுப்புக்குப் பணம் கட்டலாமா, வேண்டாமா?

தாமிரபரணிக்காரி:
மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் ஏரியாவில் சனி, ஞாயிறு நினைவாற்றல் பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டணம் 14,000 ரூபாய். டெமோவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பொருளாகச் சொன்ன பெரிய பட்டியலை ஒரு சின்னப் பெண் தலைகீழாகவும் ஒப்பித்தாள், நடுவில் எந்த எண்ணைக் கேட்டாலும் சொன்னாள். இதைக் கற்றுக்கொண்டால் படித்தது எதுவும் மறக்காது, மார்க் தானாக ஏறும் என்கிறார்கள். வீட்டுக்காரர் சுத்த ஏமாற்று என்கிறார். எனக்கு அரை மனசு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
என் ஓட்டு வீட்டுக்காரருக்கு. அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெண் செய்தது பொய் இல்லையம்மா. அதிலிருந்து மார்க்குக்குத் தாவுகிறார்களே, அதுதான் பொய்.

1980இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எஸ்.எஃப். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு மாணவர், எல்லோரையும் போல ஏழு இலக்கம் கேட்டால் திருப்பிச் சொல்லும் ஆள். ஒன்றரை வருடத்துக்கு மேல் பயிற்சி கொடுத்ததில் 79 இலக்கம் வரை போய்விட்டார். எப்படி? அவர் ஓட்டப்பந்தயக்காரர். 3492 என்று காதில் விழுந்தால் அவருக்கு அது 3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தில் கிட்டத்தட்ட உலக சாதனை நேரம். அப்படியே ஒவ்வொன்றையும் ஓட்ட நேரமாக மாற்றிக்கொண்டார். அப்புறம் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழையபடி ஆறு எழுத்துதான்! அத்தனை நாள் உழைப்பில் எண் மட்டும் வளர்ந்தது, 'நினைவாற்றல்' என்று பொதுவாக எதுவும் வளரவில்லை.

சதாவதானி ரசிகன்:
ஐயா, நீங்கள் சொன்ன ஆய்வு என் கட்சிக்குத்தான் சாட்சி. சாதாரண ஆள் ஒருவர் முறையைப் பிடித்துக்கொண்டு பத்து மடங்குக்கு மேல் போனார் என்றால் முறை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? எழுத்துக்கு அவரிடம் முறை இல்லை, அதனால் வரவில்லை. அவ்வளவுதான்.

2017இல் இன்னொன்று வந்தது. முன்பயிற்சி எதுவும் இல்லாதவர்களுக்கு 40 நாள், தினம் அரை மணி நேரம், தெரிந்த இடங்களில் பொருள்களை வைத்து நினைவில் கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 72 சொற்கள் உள்ள பட்டியலில் சராசரியாக 26 சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 62 வரை சொன்னார்கள். நான்கு மாதம் கழித்தும் அந்தத் திறமை பெரிதாகக் குறையவில்லை.

நம் ஊருக்கே வாருங்கள். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்தவர். ஒருவர் பாட்டின் கடைசி வரியான ஈற்றடியைக் கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், முதுகில் விழும் கல்லை எண்ண வேண்டும், அடிக்கும் மணியையும் எண்ண வேண்டும், நடுவில் பேச்சுக் கொடுத்துக் கலைப்பார்கள். எல்லாவற்றையும் மனதில் நிறுத்திப் பதில் சொன்னவர். பயிற்சி இல்லாமல் இது வருமா?

கரும்பலகை:
தம்பி, பாவலரை இழுத்ததற்கு நன்றி. அவரிடம் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்து மடக்கப் பார்த்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முஸ்லிம் புலவரைச் சங்கடப்படுத்தும் நோக்கம். அவர் முந்தைய அடியைப் 'பரத லட்சுமண சத்' என்று முடித்துச் சத்துருக்கனாக்கிவிட்டார். இதில் நினைவு வித்தை எங்கே இருக்கிறது? ராமாயணம் தெரியும், யாப்பு தெரியும், தமிழ் கைக்குள் இருக்கிறது. கல்லை எண்ணுவது மேடைக்காக. புலமைதான் அடித்தளம்.

சதுரங்கத்திலும் இதே கதை. 1973இல் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையைச் சில வினாடி காட்டினால் மாஸ்டர் அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினால் அவரும் கத்துக்குட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குரூப்2_காத்திருப்பு:
ரெண்டு பேரும் பெரிய இடத்தில் நின்று பேசுகிறீர்கள். தினமும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பரீட்சைக்கு வேண்டியது புத்தகத்தை மூடுவது. காலையில் படித்ததை இரவு வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பேன். வராத இடத்தில் சிவப்பு மை. இரண்டு நாள் விட்டு மறுபடி, அப்புறம் ஒரு வாரம் விட்டு. பக்கத்து நாற்காலிக்காரர் ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவார். பார்க்க அழகாக இருக்கும்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, 2006. ஒரே பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்ததை நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், மற்றவர்கள் 42. டெமோவில் காட்டுவது அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அக்கா. ஒரு வாரம் கழித்து அதே பெண்ணிடம் அதே பட்டியலைக் கேட்டார்களா?

தாமிரபரணிக்காரி:
யாரும் கேட்கவில்லை தம்பி. எனக்கும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. என் மகனுக்கு எந்த மேட்சில் யார் எத்தனை ரன், எத்தனை பந்து என்பதெல்லாம் அத்துப்படி. வரலாற்றில் நாலு வருடம் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறான். மறதி என்று எப்படிச் சொல்வது?

கரும்பலகை:
மறதியே இல்லையம்மா. கிரிக்கெட் அவனுக்குப் புரியும், அதனால் ஒரு ரன் கணக்கு வந்தால் போய் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. வரலாறு இன்னும் வெறும் வருடமாகவே நிற்கிறது. யார் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

தம்புரா:
குறுக்கே ஒரு வார்த்தை. கர்நாடக இசையில் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகம் 72. அவற்றின் எண்ணை நாங்கள் மனப்பாடம் செய்வதில்லை, எழுத்துக்கு ஓர் எண் என்று வைக்கும் கடபயாதி கணக்குப்படி பெயரிலேயே எண் இருக்கிறது. மேசகல்யாணியில் 'ம' 5, 'ச' 6. திருப்பிப் போட்டால் 65. ராகம் பாடத் தெரியாதவருக்கும் எண் சொல்லத் தெரியும். பாட வராது என்பது வேறு விஷயம்!

சதாவதானி ரசிகன்:
தம்புரா என் பக்கமா, எதிர்ப்பக்கமா? சரி, போகட்டும்.

கரும்பலகை ஐயா புரிதல் புரிதல் என்கிறீர்கள். தனிம வரிசையில் எதைப் புரிந்துகொண்டு ஐந்தாவது போரான் என்று சொல்வது? இப்படிச் செய்யுங்கள் அக்கா. பையனை உங்கள் வீட்டுக்குள்ளேயே மனதால் நடக்கச் சொல்லுங்கள். வாசற்படியில் தண்ணீர்க் குடம் கவிழ்ந்து கிடக்கிறது, ஹைட்ரஜன். செருப்பு ஸ்டாண்டில் கட்டிய பலூன் பறக்கப் பார்க்கிறது, ஹீலியம். சோபாவில் உப்பிப்போன செல்போன் பேட்டரி, லித்தியம். டிவி மேல் மரகத மோதிரம். மரகதத்தில் பெரிலியம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் கேரம் போர்டு, அதில் தூவிய போரிக் பவுடர். அடுப்படியில் கரி. ஃபிரிட்ஜ் மேல் காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட், உள்ளே இருப்பது நைட்ரஜன். ஐந்தாவது எது என்றால் மேசைக்குப் போனால் போதும். ஒரு மாலையில் முடிகிற வேலை. இதற்கு 14,000 கேட்பது அநியாயம்தான், அதை நான் ஆதரிக்கவில்லை.

கரும்பலகை:
மோதிரமும் கேரம் பவுடரும் நன்றாக இருக்கிறது. நான் வகுப்பில் இருந்திருந்தால் திருடியிருப்பேன். ஆனால் லித்தியம் ஏன் எளிதில் எலக்ட்ரானை இழக்கிறது என்று கேட்டால் சோபாவில் பதில் கிடைக்காது தம்பி.

சதாவதானி ரசிகன்:
சோபாவில் பதில் இருக்கிறது என்று யார் சொன்னது? லித்தியம் மூன்றாவது என்று தெரிந்தால் மூன்று எலக்ட்ரான், உள்கூட்டில் இரண்டு, வெளியே ஒன்று தனியாக நிற்கிறது என்று அங்கிருந்து போகலாம். வரிசை தெரியாதவன் எங்கிருந்து தொடங்குவான்?

குரூப்2_காத்திருப்பு:
எட்டுத்தொகை நூல்களுக்கு ஒரு பழைய வெண்பா உண்டே, 'நற்றிணை நல்ல குறுந்தொகை' என்று. பார்த்தால் பெயர்களுக்கு நடுவே அடைமொழிகள், 'ஒத்த' பதிற்றுப்பத்து, 'ஓங்கு' பரிபாடல். ஒரு நூலை விட்டுவிட்டால் தளை தட்டும், காது சொல்லிக்கொடுத்துவிடும். ரசிகன் சொல்வது இந்த வகை. ஆனால் அந்த வெண்பாவையும் இடைவெளி விட்டுச் சொல்லிப் பார்க்காவிட்டால் போய்விடும். வீட்டுக்குள் நடக்கிற நடையும் அப்படித்தான்.

கரும்பலகை:
வகுப்புக்காரர்கள் இதைச் சொல்வார்களா? 2016இல் அமெரிக்காவில் லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டியது. விளையாட்டு ஆடினால் படிப்பும் வேலையும் மேம்படும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். அங்கே கேட்க ஆள் இருந்தது.

தாமிரபரணிக்காரி:
இன்று போன் போட்டுக் கேட்டேன். டெமோவில் பொருள் பட்டியலுக்குப் பதிலாக என் மகனின் வரலாற்றுப் பாடத்தை வைத்துச் செய்து காட்ட முடியுமா, ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கலாமா என்று. பாடப்புத்தகம் லெவல் 2இல்தான் வருமாம். அதற்குத் தனிக் கட்டணம். எவ்வளவு என்றால், லெவல் 1 முடித்தவர்களுக்குத்தான் சொல்வார்களாம்.

சதாவதானி ரசிகன்:
அடப்பாவிகளா. அக்கா, அடுத்த பாடம் எது என்று போடுங்கள், நானே நடை போட்டுத் தருகிறேன்.

தாமிரபரணிக்காரி:
பண்டைய நாகரிகங்கள். எகிப்து, மெசபடோமியா, சீனா, சிந்து. கரும்பலகை ஐயா, நீங்களும் இருங்கள், அவன் ஏன் ஏன் என்று கேட்பான்.

கரும்பலகை:
நாலும் ஆற்றங்கரையில் இருக்கிறது, ஏன் என்று முதலில் அவனைக் கேளுங்கள். பதிலை இங்கே எழுதச் சொல்லுங்கள், புத்தகம் பார்க்காமல்.