செலவில்லாமல் பிள்ளைகளோடு வெளியே போன அனுபவங்கள்: எங்களுக்குக் கிடைத்தது ஒரு குழியானை

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. விடுமுறை என்றால் விடிந்ததுமே "அம்மா, இன்னைக்கு எங்க போறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் கட்டணம் கட்டி ஒரு விளையாட்டு அரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் நின்றே சின்னவன் சோர்ந்துவிட்டான். உள்ளே போனதும் சத்தத்துக்குப் பயந்து என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. பணம் போனதைவிட அவன் முகம் வாடியதுதான் மனதைப் பிசைந்தது.

அடுத்த வாரம் எதையும் திட்டமிடாமல் நடக்கக் கிளம்பினோம். வழியில் ஆளில்லாத ஒரு பழைய கட்டடம். மழை படாத கூரை ஓரத்தில் மண் மாவு போல உலர்ந்து கிடந்தது. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், புனலை அழுத்தி எடுத்தது போல. குழியானை! பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று!

மூன்று பேரும் குந்தி உட்கார்ந்தோம். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரிந்தது. ஏறப் பார்க்கிறது, சறுக்குகிறது. அடியில் ஒளிந்திருந்த குழியானை தலையால் மண்ணை அள்ளி வீசுகிறது. மகளுக்குத் தாங்கவில்லை, ஒரு காய்ந்த புல்லை நீட்டி எறும்பைக் கரையேற்றினாள். "அப்போ அது பசியோட இருக்குமேம்மா?" என்று அடுத்த நொடியே கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்புறம் மண்ணோடு மெதுவாக அள்ளி உள்ளங்கையில் விட்டேன். குழியானை பின்பக்கமாகத்தான் நகரும். "அம்மா, இது ரிவர்ஸ்லயே போகுது!" என்று சின்னவன் கைதட்டினான். திரும்ப மண்ணில் விட்டதும் பின்பக்கத்தை அமுக்கிச் சுழன்று மறைந்தது. இது ஒரு பூச்சியின் இளம்பருவம்தான், வளர்ந்து இறக்கை முளைத்தால் தும்பியைப் போலவே இருக்கும், ஆனால் தும்பி வேறு, இது வேறு என்று சொன்னேன். அன்றிலிருந்து எந்தத் தும்பியைப் பார்த்தாலும் "இது குழியானையா வளர்ந்ததா?" என்று விசாரணை நடக்கிறது. அன்று ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டோம். தண்ணீர், ஒரு மாற்றுத் துணி, அவ்வளவுதான் பையில். அவர்கள் களைப்பதற்குக் கொஞ்சம் முன்பே திரும்பிவிடுவோம்.

நிலா பார்க்கப் போவது இப்போது எங்கள் வழக்கம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கிழக்கில் நிலா எழும். அப்புறம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அதனால் சீக்கிரம் தூங்கும் பிள்ளைகள் இருந்தால் பௌர்ணமியையோ அதற்கு முந்தின நாளையோ பிடித்துவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் நிலா வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

உங்கள் பிள்ளைகளோடு எங்கே போனீர்கள், சொல்லுங்களேன்.

*

பதில் (ஆறு வயதுப் பையனின் அப்பா)

நாங்கள் போனது தபால் பெட்டிக்கு. மகன் ஒரு படம் வரைந்து, எங்கள் வீட்டு முகவரியையே எழுதி, தபால் தலை ஒட்டி, நானே போடுவேன் என்று அடம்பிடித்தான். தூக்கிப் பிடித்தேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். அப்புறம் தினமும் வாசலில் காவல். மூன்றாம் நாள் கடிதம் வந்தபோது உறையைப் பிரிக்கவே விடவில்லை. "இது எனக்கு வந்தது" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் அந்த மகிழ்ச்சி!

சரக்கு ரயில் பெட்டி எண்ணுவதும் உண்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகாமல் மேம்பாலத்தில் நின்று எண்ணுவோம். நாற்பதுக்கு மேல் அவனுக்கு எண்ணிக்கை குழம்பும், அடுத்த ரயிலில் முதலிலிருந்து.

*

பதில் (பேத்தியை வளர்க்கும் பாட்டி)

மழை விட்டதும் நத்தை தேடப் போங்கள். கண்ணாடி போன்ற டப்பா மூடியில் ஒன்றை ஊர விட்டு, மூடியைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். அதன் பாதத்தில் அலை அலையாகத் தசை ஓடுவது தெரியும். நீளமான இரண்டு கொம்பின் நுனியில் கண், தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

என் பேத்தி நாலு எட்டுக்கு ஒருதரம் குனிவாள். எனக்கும் முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

*

முதலில் எழுதியவர்

பாட்டி, நேற்று மழை. மூடியோடு கிளம்பினோம், நத்தை கிடைத்தது. அலை ஓடுவதைப் பார்த்துச் சின்னவன் தன் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.