பெருங்காயத்திலுமா கோதுமை?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் சீலியாக் நோய் என்று உறுதியானது; கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எல்லாம் நிறுத்திவிட்டேன். இட்லி, சோறு, கேழ்வரகுக் கூழ்தான். ஆனாலும் வயிற்று உப்புசம் குறையவில்லை. வேறு எதில் குளூட்டன் இருக்கும்?

பதில் 1: முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கம்மா. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். என் பையனுக்கு நான்கு மாதம் ரசத்தில் அதைத்தான் போட்டேன். அவ்வளவு பொடி எழுத்து. இப்போது அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்குகிறேன். ரவை, சேமியாவும் கோதுமைதான். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸும் வேண்டாம்.

பதில் 2: அக்கா சொன்னது சரி. அப்புறம், கேழ்வரகை மில்லில் அரைக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவும் சேர்ந்து வரும். கடையில் வாங்கினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதையே எடுங்கள். இந்திய விதிப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

கேட்டவர்: டப்பாவைப் பார்த்தேன், கோதுமை மாவு என்றே இருக்கிறது. கேழ்வரகும் மில் மாவுதான். இன்றைக்கே வறுத்து மிக்சியில் அரைக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.