பேக்-12க்குப் போகும் கன்சாகா: 2026-27 அட்டவணை உண்மையிலேயே கடினமா?

வடமேற்கு ரசிகன்:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நம் கன்சாகா பல்கலைக்கழக அணி 2026 ஜூலை 1 முதல் வெஸ்ட் கோஸ்ட் லீகை விட்டு பேக்-12 லீகுக்கு மாறுகிறது. அங்கே எதிரணிகள் சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இதில் முதல் நான்கும் 2024 மார்ச்சில் தேசியப் போட்டியில், அதாவது பருவ முடிவில் தேர்வான அணிகள் மட்டும் ஆடும் நாக்-அவுட்டில், ஆடியவை. சான் டியேகோ ஸ்டேட் 2023இல் இறுதி ஆட்டம் வரை போனது. ஜனவரி, பிப்ரவரியில் யாரை ஜெயித்தாலும் "லீக் சப்பை" என்று ஒதுக்கினார்களே, அந்தப் பேச்சு இனி எடுபடாது. 2025இல் நெட் எனும் அணிகளின் பலத்தைக் கணக்கிடும் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்தும், தேசியப் போட்டியில் 8ஆம் சீடுதான் கொடுத்தார்கள் (சீடு எண் கூடினால் பலமான அணிகளைச் சீக்கிரமே சந்திக்க வேண்டிவரும்). அதனால் இரண்டாம் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் மாட்டி 81-76இல் வெளியேறினோம். பலவீனமான அட்டவணைக்குக் கொடுத்த விலை அது.

ஸ்கோர்ஷீட்:
கணக்கு இடிக்கிறது, நண்பரே. அந்த வருஷம் தேசியப் போட்டிக்குப் போகும்போது கன்சாகா 25 வெற்றி, 8 தோல்வி. எட்டையும் எடுத்துப் பாருங்கள். வெஸ்ட் வர்ஜீனியா, கென்டக்கி, யூகான், யூசிஎல்ஏ என்று லீகுக்கு வெளியே நான்கு. அதில் முதல் இரண்டும் கூடுதல் நேரத்தில் போனவை, கென்டக்கியிடம் 90-89. லீகுக்குள் செயின்ட் மேரீஸிடம் இரண்டு முறை, ஓரிகன் ஸ்டேட்டிடம் ஒன்று, சொந்த ஊரில் சான்டா கிளாராவிடம் 103-99. பெரிய அணிகளோடு மோத வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. வாய்ப்பு வந்தது, தோற்றோம். பழியை அட்டவணை மேல் போடாதீர்கள்.

இன்னொன்று: ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2024-25 முதலே வெஸ்ட் கோஸ்டில் நம்மோடு ஆடியவை, அவை புது எதிரிகளே இல்லை. உண்மையில் கடினமாக இருந்த செயின்ட் மேரீஸோ பழைய லீகிலேயே தங்கிவிட்டது. அந்த இழப்பை உங்கள் கணக்கில் காணோமே?

மூன்றாம் வரிசை:
ரெண்டு பேரும் அணியின் பெயரை மட்டும் பார்க்கிறீர்கள். ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பாருங்கள். தேசியப் போட்டிக்கு அணிகளை எடுக்கும் தேர்வுக் குழு, வெற்றி தோல்விகளை எதிரணியின் நெட் இடத்தையும் ஆட்டம் நடந்த ஊரையும் வைத்து நான்கு குவாட்களாக (பிரிவுகளாக) பிரிக்கிறது. முதல் குவாட் என்றால் சொந்த அரங்கில் நெட் 1 முதல் 30 வரையுள்ள அணி, பொது இடத்தில் 50 வரை, எதிரணி ஊரில் 75 வரை. கொலராடோ ஸ்டேட் 60ஆம் இடத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அவர்கள் ஊரான ஃபோர்ட் காலின்ஸில் போய் ஜெயித்தால் முதல் குவாட் வெற்றி. அதே அணியை நம் ஊர் ஸ்போகேனில் ஜெயித்தால் இரண்டாம் குவாட்தான். பழைய லீகில் 250ஆம் இடத்து அணியின் ஊருக்குப் போய் 30 புள்ளியில் ஜெயித்தாலும் அது நான்காம் குவாட். பேக்-12 தரும் உண்மையான லாபம் இந்த வெளியூர் ஆட்டங்கள்.

அந்த ஃபோர்ட் காலின்ஸ் அரங்கில் ஒரு ஆட்டம் நேரில் பார்த்தேன். ஊரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இரண்டாம் பாதியில் பத்து நிமிஷம் தாண்டியதும், ஃப்ரீ த்ரோவுக்கு விசில் ஊதும்போதெல்லாம் விருந்தாளி அணிக்காரர்கள் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிமிர்ந்து நின்றார்கள். இதை எந்தத் தரவரிசையும் காட்டாது.

ஸ்கோர்ஷீட்:
குவாட் விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் 60ஆம் இடம் என்று நீங்களாக வைத்துக்கொண்டீர்கள். கொலராடோ ஸ்டேட்டை உயர்த்திய பயிற்சியாளர் நிக்கோ மெட்வெட் 2025லேயே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு ஒரே கோடையில் பாதி அணி மாறுகிறது. 2023இல் இறுதி ஆட்டம், 2024இல் தேசியப் போட்டிக்குத் தேர்வு என்பதெல்லாம் இந்த நவம்பரில் களமிறங்கும் பையன்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

வடமேற்கு ரசிகன்:
வீரர்கள் மாறட்டும், அந்த ஊர்கள் எங்கே போகும்? சான் டியேகோவின் 12,000 பேர் அரங்கு அப்படியேதான் இருக்கும். அப்புறம், பாய்சியின் பயிற்சியாளர் லியான் ரைஸ் 2010 வரை நம் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃபியூவிடம் உதவிப் பயிற்சியாளர். நம் ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். லீகில் எந்த வாரமும் கண்ணை மூடிக்கொண்டு ஆட முடியாது, நான் சொல்வது அதைத்தான். செயின்ட் மேரீஸ் போனது இழப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு அணிக்குப் பதில் நான்கு வருகின்றன.

மூன்றாம் வரிசை:
எனக்கு ஒரே ஒரு பயம். லீகே கடினம் என்று சொல்லிக்கொண்டு நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளைத் தேடிப் போவதை ஃபியூ குறைத்துவிடக் கூடாது. 2024 பிப்ரவரியில், லீக் பருவத்தின் நடுவே, கென்டக்கியின் ரப் அரங்குக்கே போய் 89-85இல் ஜெயித்தார்களே, அந்த ஒரு இரவுதான் அந்த வருஷத்தைத் திருப்பியது. அது மாதிரி ஒரு ஆட்டம் இதிலும் வேண்டும்.

ஸ்கோர்ஷீட்:
இதில் நாம் மூவரும் ஒன்று. தேதிகள் வந்ததும் நான் முதலில் தேடப்போவது, ஃபோர்ட் காலின்ஸும் யூட்டா ஸ்டேட்டின் லோகனும் ஒரே வாரத்தில் விழுகின்றனவா என்பதை. விழுந்தால் வடமேற்கு ரசிகன் சொன்ன பக்கம் நானும் வந்துவிடுவேன்.