வெள்ளை அடித்த பிறகும் அறை சின்னதாகவே தெரிகிறது, என்ன செய்யலாம்?

ஜன்னலோரம்:
என் படுக்கையறை 10 அடிக்கு 9 அடி. 9 அடிச் சுவரில் வலது ஓரமாகக் கதவு, எதிர்ச் சுவரில் ஜன்னல். 5 அடி அகலக் கட்டில் நடுவில் இருக்கிறது, தலைமாடு இடது சுவரில். கதவுக்கு நேர் எதிர் மூலையில் 7 அடி உயர பீரோ. கதவுச் சுவரை ஒட்டி 3 அடி மேசை. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே நாற்காலி போட இடமில்லாததால் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாலு சுவருக்கும் வெள்ளை அடித்தாயிற்று, ஆனாலும் உள்ளே வந்தாலே மூச்சு முட்டுகிறது. வாடகை வீடு, சுவரில் துளை போட அனுமதியில்லை. தங்குவது நான் ஒருவர் மட்டும். எதை மாற்றலாம்?

மரவேலை:
பீரோ எத்தனை அடி அகலம்? கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா?

ஜன்னலோரம்:
3 அடி அகலம், 2 அடி ஆழம். கதவு உள்ளே திறந்து வலது சுவரில் சாய்ந்து நிற்கும், இரண்டரை அடிக் கதவு.

மரவேலை:
அப்படியென்றால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். உங்கள் அறையில் குறை வண்ணத்தில் இல்லை. கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது 7 அடிப் பெட்டி ஒன்று. பார்வை அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் தரையும் கட்டிலைச் சுற்றித் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரே இடமாகத் தெரியும் தரைதான் விசாலமான உணர்வைத் தரும்.

கட்டிலை அப்படியே ஜன்னல் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள், தலைமாடு இடது சுவரிலேயே இருக்கட்டும். ஒருவர்தான் என்பதால் ஒரு பக்கம் மட்டும் இறங்க வழியிருந்தால் போதும். பீரோவைக் கதவுச் சுவரின் இடது மூலைக்குக் கொண்டுவாருங்கள், அதை ஒட்டி மேசை. 3 அடி பீரோ, 3 அடி மேசை, இரண்டரை அடிக் கதவு, மொத்தம் எட்டரை. 9 அடிச் சுவரில் அடங்கிவிடும். நுழையும்போது பீரோ பக்கவாட்டில் போய்விடுவதால் முதலில் தெரிவது ஜன்னல்தான். மேசைக்கும் கட்டிலுக்கும் இடையே 3 அடி கிடைக்கும், நாற்காலி தாராளமாக நகரும்.

நகர்த்துவதற்கு முன் தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, பீரோ கதவைத் திறக்கும் இடத்தையும் சேர்த்துக் குறித்து ஒருமுறை நடந்து பாருங்கள். பீரோவுக்குள் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள்.

விளக்கொளி:
மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். வெள்ளையைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். வெளிச்சமே குறைவாக விழுந்தால் அது சாம்பலாகத்தான் தெரியும். கூரையில் ஒரே ஒரு விளக்கா?

ஜன்னலோரம்:
ஆமாம், நடுவில் ஒரு டியூப்லைட். மூலைகள் இருட்டாகத்தான் இருக்கும்.

விளக்கொளி:
அதுதான் சங்கதி. மூலை இருண்டால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அறை உள்ளே சுருங்கிவிடும். மேசை மேல் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று என இரண்டு விளக்குகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். பல்புகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும்: 2700 கெல்வின் என்றால் மஞ்சள் சாயல், 4000 என்றால் ஓரளவு வெள்ளை. இரண்டையும் கலந்தால் அறை திட்டுத் திட்டாகத் தெரியும்.

வாடகைவீடு:
கண்ணாடி வைத்தால் அறை இரட்டிப்பாகத் தெரியும் என்கிறார்களே, துளை போடாமல் வைக்க முடியுமா?

மரவேலை:
வைக்கலாம், ஆனால் அதில் எது பிரதிபலிக்கிறது என்று பார்த்து வையுங்கள். மடிக்காத துணி தெரிந்தால் இருமடங்கு அடைசல்தான். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்து வைப்பது எனக்குப் பிடிக்கும், வெளிச்சம் அறைக்குள் திரும்பும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கே சுமார் 10 கிலோ எடை வரும். அதனால் அடிப்பகுதி வழுக்காமல் ரப்பர் வையுங்கள். குழந்தைகள் ஓடும் வீடென்றால் சாய்த்து வைப்பதே வேண்டாம்.

ஜன்னலோரம்:
கட்டிலையும் பீரோவையும் மாற்றிவிட்டேன். வெளிச்சம் இப்போது மேசை வரை வருகிறது, நாற்காலியில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: பீரோ இருந்த மூலை காலியாக இருக்கிறது, அங்கே ஒரு அலமாரி வைக்கலாமா?

மரவேலை:
அந்த மூலைதான் கதவிலிருந்து பார்வை போகும் வழி. காலியாகவே விடுங்கள். கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத, கால் வைத்த சின்ன ஸ்டூல் போதும். அடியில் தரை தெரிய வேண்டும். புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் இழுப்புப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.